ஓடுபாதைப் பாதுகாப்பு: கோபுரமும் விமானியும் பேசிக்கொள்ளும் சொற்கள்

விமான விபத்து என்றதும் வானில் இயந்திரம் பழுதாவதும், புயலில் விமானம் தடுமாறுவதும்தான் எம்மில் பலருக்கு நினைவில் வரும். ஆனால் வரலாற்றில் அதிக உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்து தரையில்தான் நடந்தது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃபே தீவின் லொஸ் ரொடேயொஸ் விமான நிலையத்தில், ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தனர். இரண்டு விமானங்களிலும் இயந்திரக் கோளாறு எதுவும் இருக்கவில்லை. பழுதாகியிருந்தது இரண்டு விமானங்களுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான பேச்சு.

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று சிதறி வாழும் எமது குடும்பங்களுக்கு விமானப் பயணம் ஓர் ஆடம்பரம் அல்ல. திருமணத்துக்கும் அந்தியேட்டிக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே ஓடுபாதையில் என்ன நடக்கிறது, அதை யார் காக்கிறார்கள் என்பதை ஓரளவாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஓடுபாதையின் அடிப்படை விதி ஒன்றுதான். ஒரு விமானம் தரையிறங்கும்போதோ கிளம்பும்போதோ அந்தப் பாதையில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. விமானமோ, வாகனமோ, மனிதரோ இருக்கக்கூடாத நேரத்தில் அங்கே இருந்தால் அதனை ஓடுபாதை ஊடுருவல் என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. மோதல் நடந்தால்தான் ஊடுருவல் என்றில்லை. ஒரு விமானத்தின் மூக்கு நிறுத்தக் கோட்டைத் தாண்டினாலே அது பதிவு செய்யப்படும்.

பெரிய விமான நிலையமொன்றின் கோபுரத்தில் வேலை பங்கிடப்பட்டிருக்கும். தரைக் கட்டுப்பாட்டாளர் விமானங்களை வாசலிலிருந்து இணைப்புப் பாதைகள் வழியாக நகர்த்துவார். ஓடுபாதை அவருடையதல்ல; அது கோபுரக் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. குறுக்கே ஒரு விமானத்தைக் கடக்கவிட வேண்டுமென்றால் தரைக் கட்டுப்பாட்டாளர் அவரிடம் கேட்க வேண்டும், அல்லது அந்த விமானத்தை அவரது அலைவரிசைக்கு மாற்றிவிட வேண்டும். தரையிறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்தி அனுப்புபவர் வேறொருவர். அவர் பல இடங்களில் கோபுரத்திலேயே இருக்கமாட்டார், யன்னல் இல்லாத ஓர் அறையில் ராடார் திரைக்கு முன் இருப்பார். ஒரு விமானம் இப்படிக் கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு தகவல் தவறிப்போக வாய்ப்பு உண்டு.

விமானிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் உத்தரவைச் சொல்வார், விமானி அதைத் திருப்பிச் சொல்வார், சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்பார். மூன்றாவது படிதான் அதிகம் தவறுவது. தான் சொன்னதையே திரும்பக் கேட்போம் என்று எதிர்பார்க்கும் காது, வேறொன்று வந்தாலும் அதையே கேட்டதாக நினைத்துக்கொள்ளும். அதைவிடச் சிக்கலான நிலையும் உண்டு: திருப்பிச் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தும் பொருள் மாறிப்போவது. ரோக்கியோவில் நடந்தது அதுதான்.

2024 ஜனவரி 2, மாலை. முதல்நாள் யப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் பெரும் நிலநடுக்கம். நிவாரணப் பொருட்களை ஏற்றிய கரையோரக் காவல்படையின் டாஷ் 8 விமானம் ஹனேடா விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்தது. உள்ளே ஆறு பேர். அதேநேரம் சப்போரோ நகருக்கான நியூ சிட்டோசே விமான நிலையத்திலிருந்து 379 பேருடன் யப்பான் எயார்லைன்ஸின் எயார்பஸ் ஏ350 விமானம் தரையிறங்க வந்துகொண்டிருந்தது. அதற்குத் தரையிறங்கும் அனுமதி கொடுக்கப்பட்டாயிற்று. மாலை 5.45 மணியளவில் காவல்படை விமானம் கோபுரத்தை அழைத்தபோது, அது புறப்படும் வரிசையில் முதலாவது என்று சொல்லி, சி5 என்ற நிறுத்தப் புள்ளிவரை வருமாறு உத்தரவு கிடைத்தது. ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட சொல் "நம்பர் வன்". விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார், நன்றியும் சொன்னார்.

அந்த உரையாடலில் ஓடுபாதைக்குள் நுழையலாம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனாலும் விமானக் குழுவினர் தமக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகவே விளங்கிக்கொண்டனர். விமானம் ஓடுபாதைக்குள் போய் நின்றது. ஏறத்தாழ 40 வினாடிகள் அங்கேயே நின்றது. மாலை 5.47 மணிக்கு ஏ350 அதன் பின்புறத்தில் வந்து மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த ஐவர் இறந்தனர். கப்டன் மட்டும் படுகாயங்களுடன் உயிர் தப்பினார்.

யப்பானின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2024 டிசம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கை மூன்று விடயங்களை அடுக்கிக் காட்டுகிறது. காவல்படையினர் அனுமதி கிடைத்ததாக நம்பினர். கட்டுப்பாட்டாளர் அந்த விமானம் உள்ளே நுழைந்ததைக் கவனிக்கவில்லை. ஏ350 விமானிகள் மோதுவதற்குச் சற்று முன்வரை அதைக் காணவில்லை. இருட்டிவிட்ட நேரத்தில், ஓடுபாதை விளக்குகளின் நடுவே நிற்கும் ஒரு சிறிய விமானத்தின் விளக்குகளைப் பிரித்தறிவது எளிதல்ல.

கோபுரத்தில் இதைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கவில்லையா? இருந்தது. ஓடுபாதையில் வேறொரு விமானம் இருக்கையில் இன்னொன்று தரையிறங்க வந்தால் திரையில் நிறம் மாறும். அன்றும் மாறியது. ஆனால் அதற்கு ஒலி இல்லை. கட்டுப்பாட்டாளர் அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நிறுத்தப் புள்ளியில் தரையில் பதிக்கப்படும் சிவப்பு விளக்கு வரிசை, அனுமதி வரும்வரை எரிந்து விமானத்தைத் தடுப்பது, அப்போது பராமரிப்புக்காகச் செயலிழந்திருந்தது. இயங்கியிருந்தாலும், பார்வைத்தூரம் குறைந்த நேரங்களில்தான் அதைப் பயன்படுத்துவது அங்கு வழக்கம். அன்று வானம் தெளிவாகவே இருந்தது.

விபத்துக்குப் பிறகு புறப்படும் வரிசை எண்ணைச் சொல்வதை யப்பான் நிறுத்தி வைத்தது. ஓடுபாதைத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கட்டுப்பாட்டாளர் தனியாக நியமிக்கப்பட்டார். எச்சரிக்கைக்கு ஒலியும் சேர்க்கப்பட்டது. வரிசை எண் பின்னர் மீண்டும் பாவனைக்கு வந்தது. விமானிகளுக்கு அது பயனுள்ள தகவல் என்பதே அதற்குக் காரணம். அதை முற்றாக விலக்கியிருக்க வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் எண்ணைத் தடை செய்வதைவிட, பேசாமல் நிறம் மட்டும் மாறிய திரைக்குக் குரல் கொடுத்ததே பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வரிசை எண்ணால் வந்த குழப்பம் அது முதல் தடவையும் அல்ல. 2000 மே 25 அதிகாலை, பாரிஸ் சார்ல்ஸ் து கோல் விமான நிலையம். ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் எம்.டி.83 பயணிகள் விமானமும், சோர்ட்ஸ் 330 என்ற சிறிய சரக்கு விமானமும் ஒரே ஓடுபாதையிலிருந்து புறப்படவிருந்தன. இரண்டும் ஓடுபாதையின் தொடக்க முனையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் நினைத்தார். உண்மையில் சிறிய விமானம் ஓடுபாதையின் நடுவே சேரும் ஓர் இணைப்புப் பாதையில் நின்றது. அதற்கு அவர் கொடுத்த உத்தரவு, ஓடுபாதைக்குள் வந்து காத்திருங்கள், நீங்கள் "நம்பர் ரூ". முதலாவது விமானம் எது என்று அந்த விமானிகள் யோசித்தபடி உள்ளே நுழைந்தனர். முதலாவது, முழு வேகத்தில் அவர்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. அதன் இறக்கை சிறிய விமானத்தின் விமானி அறையைக் கிழித்ததில் துணை விமானி இறந்தார்.

இங்கே மொழியும் ஒரு காரணமாயிற்று. பெரிய விமானத்துக்குப் புறப்படும் அனுமதி பிரெஞ்சில் கொடுக்கப்பட்டது. சிறிய விமானத்தின் குழுவினரிடம் பேசியது ஆங்கிலத்தில். ஒரே அலைவரிசையில் இருந்தும், பக்கத்து விமானத்துக்கு என்ன சொல்லப்பட்டது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் நின்றிருக்கக்கூடும். மொழி புரியாத அலுவலகங்களில் எமக்கருகில் எம்மைப் பற்றியே பேசப்படுவதைக் கேட்டு நின்ற அனுபவம் எமது மூத்தோர் பலருக்கு இருக்கும். அதில் என்ன இழக்கிறோம் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சர்வதேசப் பறப்புகளில் வேலை செய்யும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் குறிப்பிட்ட தரத்தில் ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2008 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உள்நாட்டு மொழியில் பேசுவதை அது தடை செய்யவில்லை.

தெனெரிஃபேக்குத் திரும்புவோம். அன்று பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் லொஸ் ரொடேயொஸுக்குத் திருப்பிவிடப்பட்டன. சிறிய விமான நிலையம், ஒற்றை ஓடுபாதை, அதன்மேல் மூடுபனி. தரை ராடார் கிடையாது. கே.எல்.எம் நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நின்றது. பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் அதை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. புறப்பட்ட பின் எந்த வழியாகப் பறக்க வேண்டும் என்ற அனுமதியைத்தான் கோபுரம் கே.எல்.எம் விமானத்துக்குக் கொடுத்தது. ஆனால் அந்த வாசகத்துக்குள் "ரேக் ஓஃப்" என்ற சொல் இருந்தது. கப்டன் கிளம்பத் தொடங்கிவிட்டார். துணை விமானி சொன்ன சொற்றொடரை, கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் இரு விதமாக எடுத்துக்கொள்ளலாம். கோபுரம் முதலில் "ஓகே" என்றது. பொறுத்திருங்கள் என்று தொடர்ந்தபோது, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானியின் குரலும் அதே கணத்தில் சேர்ந்து, இரண்டும் ஒரு கீச்சொலியாகிவிட்டன. ஒரு அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கே.எல்.எம் விமானத்தின் பொறியியலாளர் மட்டும், மற்ற விமானம் விலகிவிட்டதா என்று தன் கப்டனிடம் கேட்டார். விலகிவிட்டது என்று உறுதியாகப் பதில் வந்தது.

கே.எல்.எம் விமானத்தில் இருந்த 248 பேரும் இறந்தனர். பான் ஆம் விமானத்தில் இருந்த 396 பேரில் 61 பேர் தப்பினர்.

அதன்பின் "ரேக் ஓஃப்" என்ற சொல் பூட்டி வைக்கப்பட்டது. கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை மீளப் பெறும்போதும் மட்டுமே அது சொல்லப்படும். மற்ற எல்லாவற்றுக்கும் "டிபாச்சர்" என்ற வேறு சொல். வெறும் "ஓகே" ஒரு விடையாகக் கருதப்படுவதில்லை. கப்டன் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் இளையவர் சந்தேகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும் என்று பழக்கும் பயிற்சியும் அதற்குப் பிறகுதான் உலகெங்கும் பரவியது. பெரியவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று வளர்க்கப்பட்ட சமூகங்களில் இந்தப் பயிற்சி மற்றவற்றைவிடக் கடினம். அது எமக்கும் பொருந்தும்.

சொல் தவறும் இடத்தில் கண் காப்பாற்ற வேண்டும். பனியில் கண் வேலை செய்யாது, அங்கே தரை ராடார் வேண்டும். 2001 அக்டோபர் 8 காலை இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தில் அடர்ந்த பனி. ஒரு சிறிய செஸ்னா ஜெட் ஆர்5 என்ற இணைப்புப் பாதையில் போகவேண்டியது, ஆர்6 இல் போனது. அந்தப் பாதை நேரே ஓடுபாதைக்குள் சென்றது. பழைய தரை ராடார் 1999 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. பாதையோரப் பலகைகள் விதிப்படி இருக்கவில்லை. செஸ்னா விமானி தான் நிற்கும் இடத்தின் பெயரை "எஸ்4" என்று சரியாகவே சொன்னார். கட்டுப்பாட்டாளரின் வரைபடத்தில் அப்படியொரு இடமே இல்லை. அவர் அதைக் கவனத்தில் எடுக்காமல் நகரச் சொன்னார். கிளம்பிக்கொண்டிருந்த ஸ்கன்டிநேவியன் எயார்லைன்ஸ் விமானம் செஸ்னாவில் மோதி, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த பொதிகள் கையாளும் கட்டடத்தில் பாய்ந்தது. இரண்டு விமானங்களிலும் இருந்த அனைவரும், கட்டடத்தில் வேலை செய்த நால்வருமாக 118 பேர் இறந்தனர்.

கோபுரத்தில் ஆள் எத்தனை என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே. 2017 ஜூலை 7 நள்ளிரவை நெருங்கும் வேளையில், ரொறன்ரோவிலிருந்து சென்ற எயார் கனடா விமானம் சன் பிரான்சிஸ்கோவில் ஓடுபாதைக்குப் பதிலாக அதன் பக்கத்து இணைப்புப் பாதையில் இறங்கப் பார்த்தது. அங்கே நான்கு பயணிகள் விமானங்கள் வரிசையாக நின்றன. இரண்டு ஓடுபாதைகளில் ஒன்று அன்று மூடப்பட்டு விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. விளக்கு எரிந்த ஓடுபாதையை அந்த இரண்டில் இடப்பக்கத்தது என்று விமானிகள் தவறாகக் கணித்தனர். ஓடுபாதையில் விளக்குகள் தெரிகின்றனவே என்று கேட்டும், அங்கே யாரும் இல்லை என்று பதில் கிடைத்தது. அது உண்மையும்கூட, ஓடுபாதையில் யாரும் இல்லைத்தான். ஏறத்தாழ 60 அடி உயரம்வரை தாழ்ந்து வந்து, பின் மேலெழுந்தது விமானம். தரையில் நின்ற ஒரு விமானி அலைவரிசையில் குரல் கொடுத்தார். கோபுரத்தில் எல்லா வேலைகளையும் அப்போது ஒரே கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவிஸில் வாழ்வோருக்கு 2002 ஜூலை 1 இரவு நினைவிருக்கலாம். அது ஓடுபாதை விபத்து அல்ல. ஜேர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் வானில் மோதி 71 பேர் இறந்தனர். ஆனால் கட்டுப்பாட்டு அறை சூரிச்சில் இருந்தது. இருவர் பணியில் இருக்க, ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். தொலைபேசியின் பிரதான இணைப்பு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிஞ்சிய ஒருவர் இரண்டு மேசைகளுக்கு இடையே மாறி மாறி வேலை செய்தார். குடும்பத்தை இழந்த ஒரு தந்தை 2004 இல் அந்தக் கட்டுப்பாட்டாளரைத் தேடிச் சென்று கொன்றார். 2007 இல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நிர்வாகத்தினர் நால்வரை. இழந்தவரின் கோபம் கையில் ஒலிவாங்கியுடன் இருந்த ஆளை நோக்கித்தான் போகும், அதில் வியப்பில்லை. ஆனால் ஓர் ஆளை இரண்டு மேசைக்கு விட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

2011 மார்ச்சில் சூரிச் விமான நிலையத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு ஓடுபாதைகளில் ஒரே நேரத்தில் இரண்டு சுவிஸ் விமானங்களுக்குக் கிளம்ப அனுமதி கொடுக்கப்பட்டது. ஒரு விமானத்தின் விமானிகள் மற்றதைக் கண்டு நிறுத்தியதால் எவருக்கும் காயமில்லை. கட்டுப்பாட்டாளர் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. தவறைத் தாமாக அறிவித்தால் வழக்கு வரும் என்றால் யார் அறிவிப்பார்கள் என்ற விவாதம் அந்நாட்டில் இதனால் வலுத்தது. இது சாதாரண விவாதம் அல்ல. மோதாமல் தப்பிய சம்பவங்களின் பதிவுகள்தான் அடுத்த விபத்தைத் தடுக்கும் மூலப்பொருள்.

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தெற்குப் பகுதியில் அருகருகே இரண்டு இணையான ஓடுபாதைகள் உண்டு. வெளிப்புற ஓடுபாதையில் இறங்கும் விமானம், முனையத்துக்கு வர உட்புற ஓடுபாதையைக் கடக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் வேறு விமானங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும். 2012 ஜூனுக்கும் 2017 நவம்பருக்கும் இடையில் அங்கு நடந்த 27 ஊடுருவல்களைக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. ஒன்றிலும் மோதல் இல்லை. எல்லாவற்றிலும் விமானிகள் நிற்க வேண்டும் என்று அறிந்தே இருந்தனர், திருப்பியும் சொல்லியிருந்தனர். வேகமாக வெளியேறும் வளைவு முடிந்த உடனேயே, விமானிகள் எதிர்பார்க்காத இடத்தில் நிறுத்தக் கோடு இருந்தது. தரையிறங்கிய கையோடு பல வேலைகளைச் செய்யும் விமானிகளின் கண்ணில் அது படவில்லை. அந்த அறிக்கை பாதையின் வடிவத்தையே மாற்றச் சொன்னது.

இன்னொன்றும் சொன்னது. கிளம்புவதை நிறுத்து என்ற அவசர உத்தரவு, மற்ற உத்தரவுகளைப் போலவே அதே நிதானமான குரலில், அதே வகைச் சொற்களில் வந்தால் விமானியின் காதில் ஏறாமல் போகலாம். ஆகவே அது திடுக்கிட வைக்கும்படி இருக்க வேண்டும் என்றது. 2023 ஜனவரி 13 இரவு நியூயோர்க் ஜே.எஃப்.கே விமான நிலையத்தில் லண்டனுக்குப் புறப்படவிருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானம் தவறான ஓடுபாதையைக் கடந்தபோது, டெல்ரா விமானமொன்று அதே பாதையில் வேகமெடுத்து வந்தது. கோபுரத்தில் தரைக் கண்காணிப்புக் கருவி எச்சரித்தது. கட்டுப்பாட்டாளர் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு வசைச்சொல்லோடு கத்தி நிறுத்தச் சொன்னார். டெல்ரா விமானம் நின்றது. அந்த இரவில் கருவிக்கும் குரல் இருந்தது, கட்டுப்பாட்டாளருக்கும் குரல் இருந்தது.

பயணிகளாகிய எமது பங்கு இதில் மிகச் சிறியது, ஆனால் ஒன்று உண்டு. ஹனேடாவில் மோதிய ஏ350 எரிந்துகொண்டே ஓடி நின்றபோது உள்ளே புகை நிறைந்தது, அறிவிப்பு ஒலிபெருக்கி செயலிழந்தது. பணியாளர்கள் கைவசமிருந்த ஒலிபெருக்கியாலும் சொந்தக் குரலாலும் வழிகாட்டினர். எட்டு வாசல்களில் மூன்றை மட்டுமே திறக்க முடிந்தது. பயணிகள் மேலே வைத்த பைகளை விட்டுவிட்டு இறங்கினர். ஏறத்தாழ 18 நிமிடங்களில், கப்டன் கடைசியாக இறங்க, 379 பேரும் வெளியே வந்துவிட்டனர். அதன்பின்தான் விமானம் முழுவதும் எரிந்து சாம்பலானது. கடவுச்சீட்டும் நகையும் மருந்தும் ஒரே கைப்பையில் வைத்துப் பயணம் செய்யும் பழக்கம் எமக்கு உண்டு. அந்தப் பையை மேலே வைக்காமல் கடவுச்சீட்டையும் மருந்தையும் உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டால், ஓட வேண்டிய நேரத்தில் மேலே கை நீட்டத் தேவை வராது.